வோர்டல் பாலத்தில் ஒரு கறுப்புக் குதிரை

"குதிரை கறுப்பு," என்றார் கேப்டன் வான் ஹூவல்.

ஓவியன் பால்டன் கையிலிருந்த தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு படத்தை நிமிர்ந்து பார்த்தான். ஏழடி அகலத் துணியின் நட்ட நடுவே, முன்னங்கால் இரண்டையும் தூக்கி, வாயில் நுரை தள்ளிக்கொண்டு, கறந்த பால் நிறத்தில் நின்றது கேப்டனின் குதிரை. அதன்மேல் கறுப்பு எஃகுக் கவசத்தில் கேப்டன். சுற்றிலும் நாற்பது குதிரைகள், உருண்டு கிடக்கும் உடல்கள், பின்னால் வோர்டல் பாலம்.

"கறுப்புங்களா ஐயா? நீங்க முதல் தடவை இங்க வந்தப்ப வெள்ளைக் குதிரையிலதானே வந்து இறங்கினீங்க."

"அது என் மாமனாரோடது. சண்டையில நான் ஏறிப் போனது டொண்டர். கன்னங்கரேல்னு இருக்கும். என் படைக்காரன் அத்தனை பேருக்கும் அதைத் தெரியும். ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வந்து நின்னு, 'யாருய்யா இது வெள்ளைக் குதிரையில'ன்னு கேட்டா நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கறது?"

"ஞாயித்துக்கிழமைக்கு நாலு நாள்தானே இருக்கு."

"ஒரு குதிரைதானே. கறுப்பு அடிச்சா முடிஞ்சது."

சொல்லிவிட்டுக் கேப்டன் படத்தின் வலப்பக்கம் நகர்ந்தார். அங்கே ஸ்பெயின் அரசரை எதிர்த்துக் கிளம்பிய வடக்கத்தியரின் குதிரைப்படை, வாளை ஓங்கிக்கொண்டு பாலத்திலிருந்து பாய்ந்து வந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

"இவங்க யாரு?"

"எதிரிங்க ஐயா."

"ரொம்பத் தெளிவா இருக்காங்களே."

"எப்படி இருந்தாங்கன்னு நீங்க சொன்னா அப்படியே மாத்திடறேன். தாடி வெச்சிருந்தாங்களா? தொப்பியா, தலைக்கவசமா?"

"எதிரின்னா எதிரி மாதிரிதான்யா இருப்பான்," என்று எரிந்து விழுந்தார் கேப்டன். "நீ குதிரையைப் பாரு."

அவர் போனதும் பால்டன் முக்காலியில் உட்கார்ந்தான். அவனுக்குப் பயத்தை விடப் பரபரப்புதான் அதிகம். பதினாறு வருடமாக ஆண்ட்வெர்ப் ஓவியர்களில் பாதிப் பேருக்கு அவன் குதிரை போட்டுக் கொடுத்திருக்கிறான். ஒருவர் முகம் வரைவார், ஒருவர் வானம், ஒருவர் மரம். குதிரை மட்டும் பால்டன். கீழே கையெழுத்து வேறு யாருடையதாகவோ இருக்கும். ஊருக்குள் அவனுக்குக் 'குதிரைக்காரன்' என்றே பெயர். இத்தனைக்கும் அவன் ஒரு தடவை கூடக் குதிரை ஏறியதில்லை. ஏழு வயதில் ஒரு பீர் வண்டிக் குதிரை உதைத்ததிலிருந்து, தெருவில் குதிரை வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவான்.

இதுதான் முழுக்க முழுக்க அவனே போட்ட முதல் படம். இடது கீழ் மூலையில் உடைந்து கிடக்கும் முரசின்மேல் 'பால்டன் மூர்மன்' என்று தன் பெயரை எழுதி, தினமும் காலையில் அதைப் பார்த்த பிறகுதான் ரொட்டியில் வாய் வைப்பான். ஞாயிறு விருந்துக்குப் பிரஸ்ஸல்ஸிலிருந்து பிரபுக்கள் வருகிறார்களாம். அவர்கள் கண்ணில் இது பட்டுவிட்டால் அப்புறம் அவன் யாருக்கும் குதிரை போட வேண்டியதில்லை.

"கறுப்பு அரை, லைஸ்பெட்," என்றான் மனைவியிடம்.

"எலும்புக் கரியா? அது காய ஒரு வாரம் ஆகும்," என்றாள் லைஸ்பெட். வீட்டில் நிறம் அரைப்பது, துணி இழுத்துக் கட்டுவது, வருகிறவர்களிடம் பேசுவது எல்லாம் அவள்தான்.

"காயாட்டி பரவாயில்ல. கறுப்பா இருந்தா போதும்."

வியாழன் காலைக்குள் குதிரை கறுப்பாகிவிட்டது. தொலைவிலிருந்து பார்ப்பதற்காகப் பால்டன் வாசல்வரை பின்னால் நடந்து போனான். அங்கேயே நின்றுவிட்டான்.

கறுப்புக் குதிரைமேல் கறுப்புக் கவசம். குதிரை எங்கே முடிகிறது, கேப்டன் எங்கே தொடங்குகிறார் என்றே தெரியவில்லை. அவருடைய சிவந்த முகம் மட்டும், அடுக்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய செப்புத்தட்டு மாதிரி அந்தரத்தில் தொங்கியது.

லைஸ்பெட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "தலையை மட்டும் யாரோ தூக்கிப் போட்டு விளையாடற மாதிரி இருக்கு."

"ஒரு துண்டு போட்டுட்டா சரியாப் போயிடும். தோளுக்குக் குறுக்கால, அகலமா. அரசர் படைக்குச் சிவப்புத் துண்டுதானே. பளிச்சுனு பிரிச்சுக் காட்டிடும்."

அரைத்து வைத்திருந்த சிவப்பில் ஒரு கரண்டிதான் மிச்சம் இருந்தது. புதிதாக அரைக்க அவனுக்குப் பொறுமையில்லை. கைக்குக் கிடைத்த பெரிய தூரிகையை எடுத்து, இருந்ததை அப்படியே வழித்து, தோளிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாக இழுத்தான். கேப்டன் சட்டென்று இருட்டிலிருந்து வெளியே வந்துவிட்டார். பால்டனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. துண்டின் நுனி காற்றில் பறக்கட்டும் என்று இன்னொரு முழம் நீட்டினான்.

"எப்படி?" என்றான்.

லைஸ்பெட் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. கேப்டன் எப்ப வடக்கத்தியர் பக்கம் போய்ச் சேர்ந்தாரு?"

பால்டன் தூரிகையைப் பார்த்தான். காலையில் கொடிக்கு மஞ்சள் போட்ட தூரிகை. அடி மயிரில் இருந்த மஞ்சளெல்லாம் இறங்கி, சிவப்போடு கலந்து, நல்ல கனிந்த ஆரஞ்சாகியிருந்தது. வடக்கத்தியரின் நிறம் ஆரஞ்சு. ஸ்பெயின் அரசரின் கேப்டன், எதிரியின் துண்டைப் போட்டுக்கொண்டு, எதிரிமேலேயே பாய்ந்துகொண்டிருந்தார்.

"பிரஸ்ஸல்ஸ்காரங்க பார்த்தா அவரை அங்கேயே கையைக் கட்டிக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. கூடவே உன்னையும்," என்றாள் லைஸ்பெட்.

பால்டன் டர்பன்டைனில் கந்தையை முக்கி அவசர அவசரமாகத் துடைத்தான். துண்டு போய்விட்டது. அதோடு அதன் அடியிலிருந்த காயாத கறுப்பும் வழிந்து இறங்கியது. கறுப்புக்கு அடியிலிருந்த வெள்ளைக் குதிரை அங்கங்கே எட்டிப் பார்த்தது. துடைக்கத் துடைக்க, கந்தை போன வழியெல்லாம் ஒரு வெள்ளைப் பட்டை, ஒரு கறுப்புப் பட்டை.

"கையை எடு மனுஷா," என்றாள் லைஸ்பெட். "இன்னும் கொஞ்சம் துடைச்சா அது கப்பல்காரங்க சொல்ற ஆப்பிரிக்கக் கழுதை ஆயிடும்."

அன்று மாலை அவளே கேப்டன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். குதிரை தத்ரூபமாக வர வேண்டுமென்றால் உண்மையான குதிரையைக் கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும் என்று சொன்னதும், கேப்டன் அகமகிழ்ந்து போனாராம்.

"நாளைக்குக் காலையில டொண்டர் இங்க வருது."

பால்டன் ஓரடி பின்வாங்கினான். "வீட்டுக்கா?"

"முற்றத்துக்கு. நீ உள்ள இருந்து ஜன்னல் வழியாப் பாரு. அது வெளியில நிக்கும். நடுவுல சுவர் இருக்கு. போதாதா?"

வெள்ளிக்கிழமை காலை, கேப்டனின் குதிரைக்காரன் வன்னஸ் டொண்டரை ஓட்டிக்கொண்டு வந்தான். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கன்னத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. ஒரு கையில் கடிவாளம், இன்னொரு கையில் பாதி தின்ற ஹெர்ரிங் மீன்.

"கடிக்குமா?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டான் பால்டன்.

"இதுவா? இது ஒண்ணும் பண்ணாது மாஸ்டர். எதையாவது பார்த்தா மோந்து பார்க்கும். அவ்வளவுதான்."

"சண்டைக்கெல்லாம் போன குதிரையாச்சே."

"போச்சு," என்றான் வன்னஸ். மறுபடி மீனைக் கடித்தான்.

பால்டன் வெளிச்சத்துக்காகப் படத்தை ஜன்னல் ஓரமாக இழுத்து நிறுத்திக்கொண்டான். குதிரையைப் பார்ப்பதும் வரைவதுமாகக் கொஞ்ச நேரத்தில் பயம் மறந்துவிட்டது. என்ன கறுப்பு அது. விலாவில் நீலம் ஓடியது, கழுத்து வளைவில் வெயில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நீலத்தைக் கொஞ்சம் கலந்து, வெள்ளையால் ஓரத்தில் ஒரு கீற்று கொடுத்ததும் குதிரை வேறு, கவசம் வேறு என்று தானாகவே பிரிந்துவிட்டன. பட்டைகளெல்லாம் மறைந்தன. கேப்டனின் முகத்துக்கும் புதிதாக நிறம் ஏற்றி, கன்னத்தில் கொஞ்சம் வீரம் சேர்த்தான்.

"லைஸ்பெட், வந்து பாரு," என்று கூப்பிட்டுக்கொண்டே உள்பக்கம் திரும்பினான்.

முதுகுக்குப் பின்னால் ஒரு வெப்பக் காற்று வீசியது. திரும்பிப் பார்த்தால், டொண்டரின் தலை முழுக்க ஜன்னலுக்குள் இருந்தது. படத்திலிருந்த கறுப்புக் குதிரையை அது உற்றுப் பார்த்தது. அப்புறம் தெரிந்தவரைப் பார்த்தது போல அன்பாக மூக்கை நீட்டி, இடமிருந்து வலமாக நிதானமாக முகர்ந்தது.

பால்டன் பின்னால் துள்ளி, நிறப்பலகைமேல் உட்கார்ந்துவிட்டான்.

வன்னஸ் கடிவாளத்தை இழுத்தான். தலை வெளியே போயிற்று. மூக்கெல்லாம் சதை நிறம்.

படத்தில் கேப்டனுக்கு முகம் இல்லை. அவருடைய மூக்கு, அடுத்து வந்த கொம்பு ஊதுகிறவனின் கன்னத்தில் இருந்தது. மீசை, எதிரி ஒருவனின் தலைக்கவசம்வரை நீண்டு போயிருந்தது.

"மோந்து பார்க்கும்னு சொன்னேனே," என்றான் வன்னஸ்.

லைஸ்பெட் பால்டனைக் கவனிக்கவில்லை. வாளியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். "முதல்ல அது மூக்கைத் துடைங்க. கேப்டன் மூஞ்சியோட இது அவர் வீட்டுக்குப் போனா நாம தொலைஞ்சோம்."

சனிக்கிழமை விடிந்ததும் பால்டன் படத்தின் முன்னால் வந்து நின்றான். முகத்தை மறுபடி போட்டுப் பார்த்தான். அடியிலிருந்த ஈரத்தில் அது வழுக்கியது. கேப்டன் முதலில் தூங்குகிறவர் மாதிரி வந்தார். திருத்தினால் அழுகிறவர் மாதிரி வந்தார். மூன்றாவது தடவை அவர் மாமியார் மாதிரி வந்தார்.

"விடு," என்றாள் லைஸ்பெட். "கையில துப்பாக்கி வெச்சிருக்கார்ல. அதைச் சுட்டுட்டதா வெச்சுக்கோ. அந்தப் புகை லேசா முகத்துமேல போற மாதிரி ஒரு இழுப்பு இழுத்துடு."

பால்டனின் கண்கள் விரிந்தன. திரும்பி வந்து அவள் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தான்.

வெள்ளையும் கரியும் கொஞ்சம் பழுப்பும் கலந்து, முகத்தின்மேல் ஒரு மேகம் வைத்தான். நன்றாகத்தான் வந்தது. ஆனால் சுட்டது எங்கே போகிறது என்று பார்த்தால், துப்பாக்கி முனை நேராகச் சொந்தக் கொம்புக்காரனின் காதில் இருந்தது. கொம்புக்காரனைப் புகைக்குள் தள்ளினான். அவன் போனதும் கொம்பு மட்டும் தனியாக நின்றது. அதையும் தள்ளினான். இப்போது புகை இடப்பக்கம் போகிறது, கொடிகளெல்லாம் வலப்பக்கம் பறக்கின்றன. ஒரே பாலத்தில் இரண்டு காற்று.

"கொடியை மறைச்சுடு," என்றாள் லைஸ்பெட்.

கொடிகளை மறைத்தால் யார் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தெரியாதவர்களை மறைத்தான். இவ்வளவு புகை ஒரு கைத்துப்பாக்கியிலிருந்து வருமா என்று தோன்றியது. பாலத்தருகே ஒரு பீரங்கி வைத்தான். பீரங்கி வெடித்ததும் பாலம் போயிற்று.

"இன்னும் வெள்ளை," என்றான்.

"குளிர்காலத்துக்கு வெச்சிருந்ததையும் அரைச்சாச்சு. என் தோள்பட்டை கழண்டு விழுது."

"அரை, லைஸ்பெட். இன்னும்."

அவன் மனசு அந்த வீட்டில் இல்லை. தூரிகையைப் போட்டுவிட்டுக் கந்தையால் அடித்தான், உள்ளங்கையால் தேய்த்தான். பதினாறு வருடமாக ஒவ்வொரு குளம்பையும் ஒவ்வொரு லாடத்தையும் எண்ணி எண்ணிப் போட்டவன், இப்போது எதையும் எண்ணவில்லை. மூக்கில் வெடிமருந்து நெடி அடிப்பது போலிருந்தது. காதுக்குள் குதிரைகள் ஓடின. முதன்முதலாக அவனுக்குக் குதிரையைக் கண்டு பயம் வரவில்லை. வியர்வை வழிய அங்கேயும் இங்கேயும் பாய்ந்தான். லைஸ்பெட் அரைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவன் இப்படி இருந்து அவள் பார்த்ததில்லை. இன்னும் வேகமாக அரைத்தாள்.

"அந்த முரசை மட்டும் விட்டு வை," என்று ஒரு தடவை சொன்னாள். "உன் பேர் இருக்கு."

வெயில் சாயும்போது வெள்ளை தீர்ந்துவிட்டது. பால்டன் வாசல்வரை பின்னால் நடந்தான்.

ஏழடிக்கும் புகை. மேலே காற்றில் பறக்கும் ஒரு தொப்பி. நடுவில் கறுப்பாக ஒரு குதிரையின் மார்பும் ஒரு கண்ணும். எங்கிருந்தோ நீளும் ஒரு வாள். ஓரத்தில் பீரங்கி வெடிக்கும் ஒரு மின்னல். கீழே, உடைந்த முரசும் பால்டன் மூர்மனும்.

"என்ன பண்ணிட்டேன்," என்றான் மெதுவாக.

லைஸ்பெட் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். படத்தைப் பார்த்தாள், பிறகு வெள்ளை அப்பியிருந்த அவன் சட்டையைப் பார்த்தாள். "நாளைக்கு நல்ல சட்டையாப் போட்டுக்கோ," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு சுமைதூக்கிகள் படத்தைத் தூக்கிக்கொண்டார்கள். ஈரம் ஒட்டிக்கொள்ளாமலிருக்க மர வளையங்களின்மேல் துணி போர்த்தி, பிணம் கொண்டு போவது போலத் தெருவில் கொண்டு போனார்கள். லைஸ்பெட் முன்னால் போய் நாய்களையும் புறாக்களையும் விரட்டினாள். பால்டன் பின்னால் போனான். எந்த நிமிஷமும் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. பழையபடி யாருக்காவது குதிரை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். பெயரைப் போடாமலாவது இருந்திருக்கலாம்.

கேப்டன் வீட்டுப் பெரிய கூடத்தில் வாத்து வறுவலும் வாஃபிளும் மணத்தன. கவசத்தைக் கழற்றிப் பட்டுச் சட்டையில் நின்ற படைத்தலைவர்கள், பிரஸ்ஸல்ஸ் பிரபுக்கள், அவர்கள் மனைவிகள். கணப்புக்குப் பக்கத்தில் கேப்டன் வான் ஹூவல். அவருக்கு எதிர்ச்சுவர் ஓரமாக டி ராம் என்ற, அதே படையின் இன்னொரு கேப்டன், கட்டுப் போட்ட கையோடு. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இதுதான் வோர்டல் பாலம்," என்று அறிவித்தார் வான் ஹூவல். துணியை இழுத்தார்.

பால்டன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பிரபுவின் மனைவி, "எனக்கு ஒண்ணுமே தெரியலையே," என்றாள்.

வான் ஹூவல் படத்துக்கு அருகே போனார். இடமிருந்து வலமாகப் பார்த்தார். வலப்பக்கத்தில் வடக்கத்தியர் இருந்த இடத்தில் நின்றார். அங்கே அடர்த்தியான, அழுக்கு வெள்ளைப் புகை. அவர் தோள்கள் இறங்கின. மூச்சு விட்டார். திரும்பியபோது கண்கள் கலங்கியிருந்தன.

"அப்படியே இருக்குய்யா," என்றார். "அன்னைக்கு இப்படியேதான் இருந்துச்சு."

டி ராம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவரும் பார்த்தார். "ஆமா," என்றார். "இதைத் தவிர வேற ஒண்ணும் தெரியல. சத்தியமா ஒண்ணும் தெரியல." இரண்டு கேப்டன்களும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். வான் ஹூவல் கையை நீட்டினார். டி ராம் நல்ல கையால் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கூடமே கைதட்டியது.

"போர்னா என்னன்னு தெரிஞ்சவன் போட்ட படம்," என்றார் ஒரு பிரபு. "யாரு இவர்? மூர்மனா? எந்தப் படையில இருந்தீங்க மூர்மன்?"

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்," என்றார் டி ராம். "இதே அளவு. புகை இன்னும் கொஞ்சம் அதிகமா இருந்தாலும் பரவாயில்ல."

பால்டனுக்குக் கால்கள் தரையில் பாவவில்லை. எல்லோரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். லைஸ்பெட் ஒரு மூலையில் நின்று, அரைத்து அரைத்து வீங்கிய தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். காற்று வாங்கலாம் என்று அவன் முற்றத்துக்கு வந்தான்.

வன்னஸ் லாயத்து வாசல்படியில் உட்கார்ந்து கத்தியால் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தான். பால்டன் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"பார்த்தியா வன்னஸ்? ரெண்டு கேப்டனும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க."

"ஜன்னல் வழியாப் பார்த்தேன் மாஸ்டர். நல்ல படம்."

"ஒரே ஒரு குறைதான் எனக்கு. எதிரியில ஒருத்தனையாவது முகம் தெரியற மாதிரி விட்டிருக்கலாம். நீயும் அங்க இருந்தவன்தானே. அவங்க எப்படி இருந்தாங்கன்னு நீ சொன்னா, அடுத்த படத்துல சரியாப் போட்டுடுவேன்."

வன்னஸ் ரொட்டியை வாயில் போட்டு நிதானமாக மென்று விழுங்கினான்.

"எதிரியா? அவங்க அன்னைக்கு வரவே இல்ல மாஸ்டர். அந்தப் புகைக்குள்ள எங்க கேப்டன் ஆளுங்களும் டி ராம் கேப்டன் ஆளுங்களும்தான் ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிட்டோம்."